பிழைத்த எலியின் பிள்ளைகள்

நஞ்சும் தலைமுறையும் – 11

சென்ற வாரம் ஸ்வீடனில், ஆர்னாஸ் என்ற ஊரின் ஈக்களோடு நிறுத்தியிருந்தோம். 1946-ல் அங்கே டி.டி.டி. அடித்த இடங்களில் ஈக்கள் சாவகாசமாக உட்கார்ந்து எழுந்து போயின. ஸ்விட்சர்லாந்தில் கெய்கி நிறுவனத்தின் பூச்சியியலாளர் விஸ்மன் அவற்றைச் சோதித்தார். சாதாரண ஈயைச் சாய்க்கும் அளவு இவற்றை ஒன்றும் செய்யவில்லை என்று 1947-ல் எழுதினார். மறு ஆண்டு, டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டுபிடித்த பால் ம்யுல்லர் நோபல் பரிசு வாங்கியது அதே ஸ்வீடனின் தலைநகரில். பரிசளித்த நாட்டு ஈக்கள் அந்தப் பரிசை மதிக்கவில்லை.

‘மருந்துக்கு ஈ பழகிடுச்சு’ என்று நம் ஊர்ப் பூச்சிமருந்துக் கடைகளில் இன்றைக்கும் சொல்வார்கள். பழகியது எதுவும் இல்லை. தாங்க முடியாத ஈக்கள் செத்தன. பிறவியிலேயே தாங்கக்கூடிய ஒன்றிரண்டு பிழைத்தன. பிறகு பறந்தவை அவற்றின் பிள்ளைகள். 1948-ல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரத்தில் லிண்ட்குவிஸ்ட், வில்சன் என்ற இருவர் இதைக் கூண்டுக்குள்ளேயே நடத்திக் காட்டினார்கள். ஈக்களுக்கு டி.டி.டி. கொடுப்பது, தப்பியவற்றை முட்டையிட விடுவது, வரும் தலைமுறைக்கு மீண்டும் கொடுப்பது. இயற்கை தொழுவத்தில் செய்ததை அவர்கள் ஆய்வகத்தில் செய்தார்கள்.

பழக்கமா, பிறப்பா? இந்த வாரம் முழுக்க இந்தக் கேள்வி நம்மைத் துரத்தும். ஏனென்றால் இந்த வாரம் கூண்டில் இருப்பது ஈ இல்லை.

* * *

மாண்ட்ரியால் தீவின் மேற்கு முனையில் செயின்ட்-ஆன்-டி-பெல்வூ என்று ஓர் ஊர். புகையிலை வணிகர் வில்லியம் மெக்டொனால்ட் கொடுத்த பணத்தில் அங்கே எழுந்ததுதான் மெக்டொனால்ட் கல்லூரி. மெக்கில் பல்கலைக்கழகத்தின் வேளாண் கிளை. சுற்றிலும் வயல், பழத்தோட்டம், மாட்டுப் பண்ணை.

அங்கே பூச்சியியல் படிப்பித்தவர் மாரிசன். அவரும் ஆஸ்பர்ன் என்ற ஆய்வாளரும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஈயால் முடிந்தது எலியால் முடியுமா?

பூச்சியியலாளருக்கு எலி எதற்கு என்று கேட்கலாம். அன்றைக்கு டி.டி.டி. தூள் பூச்சிக்கு மட்டும் தூவப்படவில்லை. வீட்டுச் சுண்டெலி நடமாடும் தடத்திலும் தூவினார்கள். காலில் ஒட்டியதை நக்கி எலி சாகும் என்று கணக்கு. அதைவிடப் பெரிய காரணம் வேறு. எலியும் மனிதனும் பாலூட்டிகள். அமெரிக்காவில் அன்றைக்குப் பெரும்பாலோர் உடலில் கொஞ்சமாவது டி.டி.டி. சேர்ந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக நஞ்சோடு வாழும் பாலூட்டிக்கு என்ன ஆகும் என்பதை எலியை வைத்துத்தான் பார்க்க முடியும்.

செய்முறை எளிது. கேட்கக் கொஞ்சம் கொடூரம்.

முதலில் அளவு. பிரிட்டிஷ் மருந்தியலாளர் டிரெவன் 1927-ல் ஒரு வழி வகுத்திருந்தார். எந்த நஞ்சானாலும் எந்த அளவில் கொடுத்தால் கூட்டத்தில் சரிபாதி சாகுமோ, அதுவே அந்த நஞ்சின் அளவுகோல். கடைசி எலி எப்போது சாகும், முதல் எலி எப்போது சாகும் என்பதெல்லாம் குருட்டாம்போக்கு. பாதி எப்போது சாகும் என்பது மட்டும் திரும்பத் திரும்பச் செய்தாலும் அநேகமாக மாறாது. அந்த எண் உயர்ந்தால் கூட்டம் தாங்கக் கற்றுவிட்டது என்று பொருள்.

பிறகு நஞ்சு. டி.டி.டி. ஏறிய சுண்டெலி உடனே விழாது. முதலில் ஒரு பரபரப்பு. சிறு சத்தத்துக்கும் துள்ளும். அப்புறம் நடுக்கம் தொடங்கி உடல் முழுக்கப் பரவும். நரம்பின் சோடியம் வாயில் திறந்தால் மூட மறுக்கிறது, அதனால் ஒரு செய்தி போக வேண்டிய இடத்தில் ஓராயிரம் போகிறது. வலிப்பு வந்த எலிகளில் பல எழுவதில்லை. சில எழுந்துவிடும். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும்.

அந்தச் சிலதான் வேண்டும்.

தப்பிய ஆணும் தப்பிய பெண்ணும் சேர்ந்து வாழ விடப்பட்டன. மூன்று வாரத்தில் குட்டிகள். அவை வளர்ந்து நின்றதும் அவற்றுக்கும் அதே சோதனை, அதே தேர்வு. நாய்க்கும் புறாவுக்கும் சண்டைச் சேவலுக்கும் மனிதன் எத்தனையோ நூற்றாண்டாகச் செய்துவரும் காரியம்தான் இது. வாலும் கொண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில் இப்போது நஞ்சு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது.

ஈக்கு ஒரு தலைமுறை இரண்டு வாரம். எலிக்கு இரண்டரை, மூன்று மாதம். ஆர்லாண்டோவில் ஒரு கோடையில் முடிந்துவிடக்கூடிய வேலை, மாண்ட்ரியாலில் வருடக்கணக்கில் இழுத்தது.

* * *

1962 செப்டம்பரில் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ புத்தகமாக வந்து அமெரிக்காவையே உலுக்கியது. மருந்தை மிஞ்சும் பூச்சிகளைப் பற்றித் தனி அத்தியாயமே அதில் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் லண்டனின் ‘நேச்சர்’ இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு வெளியானது. எழுதியவர்கள் ஆஸ்பர்ன், மாரிசன்.

ஒன்பது தலைமுறை ஆகியிருந்தது. பாதியைக் கொல்லும் அளவு உயர்ந்திருந்தது உண்மை. ஆனால் எவ்வளவு? இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை.

ஈக்களில் நூறு மடங்கு, அதற்கும் மேலே என்றெல்லாம் படித்துப் பழகியவர்களுக்கு இது சப்பென்றுதான் இருந்திருக்கும். அந்த ஆய்வாளர்களின் நேர்மையை அவர்கள் வைத்த தலைப்பிலேயே பார்க்கலாம். ‘டி.டி.டி.யை எதிர்க்கும் எலி’ என்று அவர்கள் எழுதவில்லை. ‘தாங்கும் எலி’ என்று எழுதினார்கள். எதிர்ப்பது வேறு, தாங்குவது வேறு. மழைக்குக் குடை பிடிப்பவனும் மழையில் நனைந்துகொண்டே நடப்பவனும் ஒன்றில்லையே.

ஆனாலும் ஏறியிருக்கிறது. எதனால் ஏறியது?

* * *

முதல் சந்தேகம் கொழுப்பின் மேல் விழுந்தது.

டி.டி.டி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடம்புக்குள் போனதும் அது கொழுப்பைத் தேடிப் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அங்கே இருக்கும்வரை நரம்புக்கு ஆபத்தில்லை. அதனால் ஒரே எடைக்கு ஒரே மருந்து கொடுத்தாலும், ஒல்லி எலியின் மூளைக்குப் போவது அதிகம், கொழுத்த எலியின் மூளைக்குப் போவது குறைவு. இந்த விளையாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. டி.டி.டி. சேர்ந்த எலிகளைப் பட்டினி போட்டால் கொழுப்பு கரைந்து, பதுங்கியிருந்த நஞ்சு இரத்தத்தில் இறங்குகிறது. புதிதாக ஒரு துளியும் கொடுக்காமலே நடுக்கம் வருகிறது. 1962-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருந்தார்கள்.

அப்படியானால் நஞ்சை வெல்லும் எலியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வெறும் கொழுத்த எலியைத் தேர்ந்தெடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. தேர்வு எப்போதும் நாம் கேட்டதைக் கொடுப்பதில்லை; கேட்ட விதத்துக்குக் கிடைப்பதைக் கொடுக்கும்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் வில்லங்கமானது. அது அயோவாவிலிருந்து வந்தது, அதுவும் தற்செயலாக.

அங்கே ஃபவுட்ஸ், ஹார்ட் என்ற மருந்தியலாளர்கள் எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, எவ்வளவு நேரம் தூங்குகின்றன என்று அளந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று கணக்கு பிசகியது. வழக்கமான அளவு கொடுத்தும் எலிகள் சீக்கிரமே விழித்துக்கொண்டன. மருந்தில் கோளாறா, எலியில் கோளாறா என்று தேடியபோது வேறொன்று அகப்பட்டது. எலி அறையில் பூச்சித் தொல்லைக்காகக் குளோர்டேன் தெளித்திருந்தார்கள். அந்தப் பூச்சிக்கொல்லி எலிகளின் கல்லீரலைத் தட்டி எழுப்பியிருந்தது. நொதிகள் பெருகி, நஞ்சோ மருந்தோ எது வந்தாலும் வேகமாகச் சிதைக்கத் தொடங்கியிருந்தன. 1963-ல் இதை வெளியிட்டார்கள். டி.டி.டி.யும் இதே வேலையைச் செய்கிறது என்பதையும் அதே ஆண்டில் காட்டினார்கள்.

மாண்ட்ரியால் கூண்டுகளை இப்போது திரும்பிப் பாருங்கள்.

டி.டி.டி. வாங்கித் தப்பிய தாய் எலி. அதன் கொழுப்பில் நஞ்சு இருக்கிறது. கொழுப்பிலிருப்பது பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடித்து வளரும் குட்டியின் கல்லீரல், பிறந்த நாள் முதலே தட்டி எழுப்பப்படுகிறது. வளர்ந்த பின் அந்தக் குட்டி நஞ்சைத் தாங்கினால், தாயின் மரபணுவால் தாங்கியதா, தாயின் பாலால் தாங்கியதா? ஈ முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அங்கே இந்தக் குழப்பமே கிடையாது. பாலூட்டியில் பழக்கமும் பிறப்பும் ஒரே மார்பிலிருந்து வருகின்றன. இதனால்தான் இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரு தலைமுறையை நஞ்சு காட்டாமல் வளர்த்துப் பார்ப்பதும், நஞ்சு கொடுத்தவற்றை விட்டுவிட்டு அவற்றின் கூடப்பிறந்தவற்றை இனப்பெருக்கம் செய்வதும் அவசியமாகின்றன.

மூன்றாவதாக ஒரு வேடிக்கை. 1965-ல் மாரிசனும் அவருடைய சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு குறிப்பு எழுதினார்கள். சுண்டெலியின் குடலில் இருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா, டி.டி.டி.யை வேறொரு பொருளாக மாற்றுகிறது என்று! எலிக்கு வைத்த நஞ்சை எலி மட்டும் கையாளவில்லை. அதன் வயிற்றில் குடியிருந்தவையும் கை வைத்தன. எலியின் எதிர்ப்பு என்று ஒரே பெயரில் சொல்வது எத்தனை பேருடைய வேலையோ.

* * *

இவ்வளவையும் கழித்துவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஈக்கு நூறு மடங்கு கிடைத்தது, எலிக்கு ஏன் இரண்டு மடங்குகூடக் கிடைக்கவில்லை?

பதிலின் ஒரு பாதி விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரத்தில் இருந்தது. மரபியலாளர் ஜேம்ஸ் க்ரோ அங்கே பழ ஈக்களை டி.டி.டி.யோடு வளர்த்து, எதிர்ப்புள்ள கூட்டம் ஒன்றை உருவாக்கினார். பிறகு ஒரு மரபியலாளர் மட்டுமே யோசிக்கக்கூடிய காரியத்தைச் செய்தார். எதிர்ப்புள்ள ஈயையும் சாதாரண ஈயையும் கலப்பினம் செய்து, குரோமோசோம்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பொருத்திப் பார்த்தார். எதிர்ப்பு எந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமே!

எல்லாவற்றிலும் இருந்தது. ஒவ்வொரு பெரிய குரோமோசோமும் கொஞ்சம் கொஞ்சம் உதவியது. 1957-ல் அவர் இதைத் தொகுத்து எழுதியபோது, வயல்வெளியில் பிடித்த எதிர்ப்பு ஈக்கள் பலவற்றில் கண்டது இதற்கு நேர்மாறாக இருந்தது. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு, வேலை முழுவதையும் அதுவே செய்தது.

ஏன் இந்த வித்தியாசம்? விடை தலைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. நஞ்சை ஒரே அடியில் செயலிழக்க வைக்கும் மரபணு, லட்சத்தில் ஒன்றுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாவட்டத்து ஈக்கள் கோடிக்கணக்கில். அங்கே அந்த மரபணு எங்காவது இருந்தே தீரும். மருந்து மற்ற எல்லாவற்றையும் துடைத்துப் போட்ட பின் அது மட்டும் நிற்கும். ஆய்வகத்தில் இருப்பது சில நூறு. லட்சத்தில் ஒன்றை நூற்றுக்குள் தேடினால் அகப்படாது. அதுவும் பாதியை மட்டும் கொல்லும் அளவில் தேர்ந்தெடுத்தால், தப்புவதற்குப் பெரிய வரம் எதுவும் வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதல் கொழுப்பு, கொஞ்சம் சுறுசுறுப்பான கல்லீரல், அது போதும்.

ஆய்வகச் சுண்டெலிக்கு இன்னொரு குறை. மூன்றாம் பகுதியில் பார்த்த அபி லாத்ரோப் நினைவிருக்கிறதா? மாசசூசெட்ஸின் கிரான்பியில் அழகுக்காகச் சுண்டெலி வளர்த்து விற்ற அந்தப் பெண்மணியின் கூண்டுகளிலிருந்தும், அவரைப் போன்ற சிலரின் கூண்டுகளிலிருந்தும் கிளைத்தவைதான் உலகத்து ஆய்வக எலிகளில் பெரும்பங்கு. சிறிய முதலில் தொடங்கிய குடும்பம். அரிய மரபணுக்கள் அந்த வாசலிலேயே உதிர்ந்துபோயின.

மறுபாதிப் பதில் எலியின் உடம்பிலேயே இருக்கிறது. டி.டி.டி. பூச்சியின் தோலைத் துளைத்துப் போகும் சுலபத்தில் பாலூட்டியின் தோலைத் துளைப்பதில்லை. சூடு ஏற ஏற டி.டி.டி.யின் வேகம் குறையும். எலியின் இரத்தமோ எப்போதும் சூடு. ஈயோடு ஒப்பிட்டால் எலி பிறவியிலேயே பாதிக் கவசத்தோடுதான் நிற்கிறது. ஏற்கெனவே ஏறிய மாடியில் இன்னும் எத்தனை படி ஏற முடியும்?

1971-ல் வட கரோலினாவில் குத்ரியும் அவருடைய சகாக்களும் சுண்டெலிகளைப் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக மீண்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். ஈக்களில் கண்டதைப் போன்ற பாய்ச்சல் அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

பாலூட்டிகளுக்கு இந்த வித்தை வராது என்று இத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். மூட விடாமல் செய்தவை இரண்டு உயிர்கள். இரண்டும் ஆய்வகத்துக்கு வெளியே இருந்தன.

* * *

முதலாவது ஒரு மீன். மிசிசிப்பி டெல்டாவின் பருத்தி வயல்களை ஒட்டிய வாய்க்கால்களில் கம்பூசியா நீந்திக்கொண்டிருந்தது. கொசுப்புழு தின்னட்டும் என்று நம் ஊர்க் கிணறுகளில் விட்டார்களே, அதே மீன்தான். பருத்திக்கு அடித்த மருந்தெல்லாம் மழையோடு அந்த வாய்க்காலுக்குத்தான் வந்தது. 1963-ல் மிசிசிப்பி அரசுப் பல்கலைக்கழகத்தின் வின்சன், பாய்ட், ஃபெர்குசன் மூவரும் அந்த மீன்கள் டி.டி.டி.யை எதிர்ப்பதைக் கண்டார்கள். முதுகெலும்புள்ள பிராணிக்கும் இது நடக்கும் என்று வயல்வெளி சொல்லிவிட்டது.

இந்தக் கதையின் அடுத்த வரி இன்னும் கலங்கடிக்கும். அதே டெல்டாவில் எண்ட்ரின் என்ற இன்னும் கடுமையான மருந்தையும் தாங்கும் கம்பூசியாக்கள் இருந்தன. எண்ட்ரின் என்ற பெயர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்குப் பயிரைவிடச் சாவைத்தான் நினைவூட்டும். அவ்வளவு கொடியது. எண்ட்ரின் கலந்த நீரில் அந்த மீன்களை வைத்திருந்து, பிறகு அவற்றைப் பதினோரு வகை முதுகெலும்பிகளுக்கு இரையாகப் போட்டுப் பார்த்தார்கள் ரொசாட்டோவும் ஃபெர்குசனும். தின்றவற்றில் பெரும்பாலானவை செத்தன. மீன் நஞ்சை அழிக்கவில்லை. சுமந்துகொண்டு உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். முடிவுகள் 1968-ல் வெளியாயின.

இரண்டாவது உயிர் நமக்கு முக்கியம். அது பாலூட்டி.

வர்ஜீனியாவின் ஆப்பிள் தோட்டங்களில் பைன் சுண்டெலி என்று ஒரு குட்டை வால் பிராணி உண்டு. மண்ணுக்கடியில் வளை பறித்துப் போய் மரத்தின் வேரையும் பட்டையையும் கொறிக்கும். மேலே பூத்துக் காய்த்து நிற்கும் மரம் கீழே செத்துக்கொண்டிருக்கும். தோட்டக்காரர்கள் வருடா வருடம் தரையில் எண்ட்ரின் தெளித்து அதைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். பிறகு சில தோட்டங்களில் மருந்து எடுபடவில்லை என்ற புகார் வந்தது.

வெப், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர், பல ஆண்டு மருந்து வாங்கிய தோட்டத்து எலிகளையும் மருந்தே காணாத இடத்து எலிகளையும் பிடித்து ஒப்பிட்டார்கள். 1967-ல் ‘சயன்ஸ்’ இதழில் அவர்கள் கொடுத்த எண்: ஏறத்தாழ 12 மடங்கு.

கூண்டில் ஒன்பது தலைமுறை பாடுபட்டும் இரண்டைத் தொடாத எண், ஆப்பிள் மரத்தடியில், யாரும் தேர்ந்தெடுக்காமல், 12-க்குப் போயிருந்தது. நஞ்சு வேறு, பிராணி வேறு, ஒப்பீடு கறாரானதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கூண்டு தராத விடை தோட்டத்தில் கிடந்தது என்பதை எப்படிப் பார்த்தாலும் மறுக்க முடியாது. தோட்டத்தில் இருந்தவை எந்தக் குடும்பத்திலிருந்தும் வடிகட்டப்படாத காட்டு எலிகள். அவற்றிடம் அரிய சீட்டுகள் இருந்தன.

* * *

இதில் ஒரு விசித்திரம். ஜேம்ஸ் க்ரோ ஈக்களின் குரோமோசோம்களை மாற்றிப் பொருத்திக்கொண்டிருந்த அதே மேடிசன் வளாகத்தில், வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் உருவாக்கிய எலி மருந்து ஒன்று 1948 முதல் உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. பெயர் வார்ஃபரின். அது நரம்பைத் தொடாது, நடுக்கம் வராது. இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும். எலி சில நாள் தின்று, உள்ளுக்குள்ளேயே கசிந்து சாகும். தின்றதற்கும் செத்ததற்கும் இடையே நாட்கள் இருப்பதால் மற்ற எலிகளுக்குச் சந்தேகமே வருவதில்லை. எலிக்கும் மனிதனுக்குமான பழைய சண்டை முடிந்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள்.

1958. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் ஒரு பண்ணை. வார்ஃபரின் கலந்த இரையை வைத்தார்கள். எலிகள் தின்றன. மறுபடி வைத்தார்கள். மறுபடி தின்றன. வாரங்கள் போயின, இரை தீர்ந்துகொண்டே இருந்தது, எலிகள் தீரவில்லை.

கூண்டுச் சுண்டெலிகளிடம் இருந்ததைப் போல அவற்றிடமும் இருந்தவை பல சிறு உதவிகளா? இல்லை, ஈக்களிடம் இருந்ததைப் போல ஒரே ஒரு மரபணுவா? ஒன்றுதான் என்றால், நஞ்சு வைக்காத பண்ணைகளில் அதே எலி ஏன் மற்றவற்றைவிடத் தடுமாறியது?

(தொடரும்)